பாட்டிக்குப் புரிந்த விளையாட்டு

கடந்த விடுமுறையில் மெர்போக் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைலோ டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசியில் நானும் தம்பியும் ஒரு பழைய பௌலிங் இறுதியாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்தார்.

"யாருடா அது? தண்ணிக் குடத்தத் தூக்கிட்டு ஓடுற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிட்டு ஓடுறான்?"

அது ஜேசன் பெல்மோன்டே. ஆஸ்திரேலியாவின் ஆரஞ்சு என்ற சிறிய ஊரில் பௌலிங் மையம் நடத்திய பெற்றோரின் பிள்ளை. நடக்கப் பழகிய வயதிலேயே பந்தை உருட்டத் தொடங்கியவர். ஒரு கையால் தூக்க முடியாததால் இரண்டு கையையும் பயன்படுத்தினார். பெரியவரான பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். இன்று தொழில்முறைப் போட்டிகளில் 15 பெரும் பட்டங்களுக்குச் சொந்தக்காரர். இதையெல்லாம் தம்பி மூச்சுவிடாமல் சொன்னான்.

பாட்டிக்கு விதிகளைப் புரியவைக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பத்துக் கட்டை. ஒரு முறைக்கு இரண்டு உருட்டு. முதல் உருட்டிலேயே பத்தும் விழுந்தால் ஸ்டிரைக். அடுத்த இரண்டு உருட்டில் விழுவதும் சேர்த்து எண்ணப்படும். இரண்டாவது உருட்டில் மிச்சத்தைத் தள்ளினால் ஸ்பேர். அடுத்த ஓர் உருட்டு மட்டும் சேரும். இப்படிப் பத்து முறை. கடைசி முறைக்குக் கிடைக்கும் கூடுதல் உருட்டுகளையும் சேர்த்து, தொடர்ந்து 12 ஸ்டிரைக் போட்டால் 300 புள்ளி. அதற்கு மேல் கிடையாது. நான்காவது ஆட்டக்காரர் வந்தபோது பாட்டியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்: "வேகத்துல ஒண்ணுமில்லடா. மணிக்கட்டுல இருக்கு. பால் வெட்டுற மாதிரிதான்." நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அது. கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது என்று அறிந்தவர். பந்து கடைசி சில அடியில் வளைந்து திரும்புவது எதனால் என்று எந்த வருணனையாளரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பிற்பகல்தான். ஆனால் காரணம் என் தம்பி.

அவன் படிவம் 4 மாணவன். மூன்று ஆண்டுகளாகச் சுங்கைப்பட்டாணிக்குப் பஸ் ஏறிப் போய் பௌலிங் ஆடிப் பழகியவன். தீபாவளிப் பணத்தைச் சேர்த்து, பழைய பந்து ஒன்றை ஒருவரிடம் வாங்கி வைத்திருக்கிறான். மாவட்ட அளவிலான தேர்வுக்குப் போக விரும்பினான். பள்ளியில் கிடைத்த பதில்: "அதெல்லாம் பேரங்காடியில் பொழுதுபோக்க ஆடுவது. விளையாட வேண்டுமென்றால் காற்பந்துக்கு வா." கடிதம் கேட்டான்; வரவில்லை. தேதி போய்விட்டது. வீட்டுக்கு வந்த மாமாவும் அதையேதான் சொன்னார். தம்பி யாரோடும் சண்டை போடவில்லை. பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். "விடுக்கா. யாரும் பாக்காத விளையாட்டு" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், அவன் சொன்னதுதான் இந்த விளையாட்டின் முழு வரலாறும். ஒன்றை விளையாட்டு என்றும் மற்றொன்றைப் பொழுதுபோக்கு என்றும் பிரிப்பது யார்? விதிகளா, உடலுழைப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் அதைக் காட்டினார்கள், யார் அதைப் பார்த்தார்கள் என்பதுதான் பிரிக்கிறது.

டென்பின் பௌலிங்கின் விதிகளை ஒழுங்குபடுத்திய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 1895ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு சிக்காகோவில் அதன் முதல் தேசியப் போட்டி. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு இது பெரும்பாலும் தொழிலாளர்கள் மாலையில் ஆடும் ஆட்டமாகவே இருந்தது. கட்டைகளை அடுக்க இயந்திரம் இல்லை. தடத்தின் மறுமுனையில் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பந்து வந்து மோதியதும் இறங்கி, கட்டைகளைப் பொறுக்கி நிறுத்தி, பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டை தெறித்துக் காலில் படும். கூலி சொற்பம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1950ஆம் ஆண்டு வரை அந்தக் காங்கிரஸின் உறுப்பினராக வெள்ளைக்காரராக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் 1939ஆம் ஆண்டிலேயே கறுப்பினத்தவர் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்குள்ளும் தோட்டத்துத் துரை கிளப் மாதிரி ஒரு வாசல் இருந்தது.

1946ஆம் ஆண்டு ஏஎம்எஃப் நிறுவனம் கட்டை அடுக்கும் தானியங்கி இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. 1950களில் அது எல்லா இடங்களுக்கும் பரவியது. அதே ஆண்டுகளில்தான் அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டியும் நுழைந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது பௌலிங்கின் அதிர்ஷ்டம். காற்பந்துத் திடலைக் காட்டப் பல கேமராக்கள் தேவை. மழை வந்தால் படம் கெடும். பௌலிங் கூரைக்குள் நடப்பது. ஆடுபவர் எங்கே நிற்பார், பந்து எங்கே போகும் என்பது முன்கூட்டியே தெரியும். கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி, அவ்வளவுதான். சில கேமராக்கள் போதும். முகத்தையும் காட்டலாம், கட்டை விழுவதையும் காட்டலாம். செலவு குறைவான நிகழ்ச்சி தேடிய நிலையங்களுக்கு இது வரமாக அமைந்தது. பல பௌலிங் நிகழ்ச்சிகள் முளைத்தன. பரிசுப் பணம் குவியும் 'ஜாக்பாட் பௌலிங்' என்ற நிகழ்ச்சியை ஒரு கட்டத்தில் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் நடத்தினார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எடி எலியாஸ், ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகர வழக்கறிஞர். தொலைக்காட்சியில் பார்க்க ஆள் இருக்கிறது என்றால், ஆடுபவர்களுக்கு இது ஏன் ஒரு தொழிலாகக்கூடாது என்று கேட்டார். 1958ஆம் ஆண்டு 33 ஆட்டக்காரர்கள் தலைக்கு 50 டாலர் போட்டு உறுப்பினரானார்கள். தொழில்முறை பௌலர்கள் சங்கமான பிபிஏ இப்படிப் பிறந்தது. அடுத்த ஆண்டு மூன்றே போட்டிகள். 1962 முதல் ஏபிசி தொலைக்காட்சியில் அவர்களின் போட்டிகள் சனிக்கிழமை பிற்பகல்தோறும் ஒளியேறின. (அந்தக் காங்கிரஸின் சுருக்கப் பெயரும் ஏபிசிதான், தொலைக்காட்சியின் பெயரும் ஏபிசிதான். இதைப் படித்துக் குழம்பியதில் எனக்கு ஒரு மாலை வீணானது.)

அந்த நிகழ்ச்சி 1997 ஜூன் வரை, 35 ஆண்டுகள் ஓடியது. கிறிஸ் ஷெங்கல் என்ற வருணனையாளர் அதன் குரலாகவே ஆகிவிட்டார். 1967 ஏப்ரல் 1ஆம் தேதி ஜேக் பியோண்டொலில்லோ தேசியத் தொலைக்காட்சியில் 300 புள்ளி எடுத்ததை நாடே பார்த்தது. முட்டாள்கள் தினம் என்பதால் அதை நம்பாதவர்களும் இருந்திருப்பார்கள். 1975ஆம் ஆண்டு ஏர்ல் ஆந்தனி ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பரிசு வென்றார். ஒரு காலத்தில் கட்டை பொறுக்கிய சிறுவர்களின் விளையாட்டு, வீட்டுக்கடன் கட்டக்கூடிய வேலையானது.

தொலைக்காட்சி சும்மா கொடுக்கவில்லை. விளையாட்டின் உருவத்தையே மாற்றியது. அதற்கு முன் பல நாள், பல டஜன் ஆட்டங்களின் மொத்தப் புள்ளியை வைத்து வெற்றியாளரை முடிவு செய்வார்கள். திறமையை அளக்க அதுதான் சரியான வழி. ஆனால் ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்குள் அதை எப்படி அடைப்பது? ஏணி முறை வந்தது. பல நாள் ஆடி முதல் ஐந்து இடத்துக்கு வந்தவர்கள் கேமரா முன்னால் ஆடுவார்கள். ஐந்தாமவரும் நான்காமவரும் மோதுவார்கள், வென்றவர் மூன்றாமவரோடு, அதில் வென்றவர் இரண்டாமவரோடு, கடைசியில் எஞ்சியவர் முதலாமவரோடு. வாரம் முழுவதும் முன்னணியில் இருந்தவர், தடம் பழகுவதற்குள் முடிந்துவிடும் ஒரே ஓர் ஆட்டத்தில் பட்டத்தை இழக்கலாம். அநியாயம் என்று முதலில் எனக்குப் பட்டது. எட்டு மாதம் நன்றாகப் படித்து, எஸ்பிஎம் அன்று காய்ச்சல் வருவது மாதிரி. ஆனால் பாட்டி அன்று நகராமல் உட்கார்ந்திருந்தது ஏணியால்தான். ஐந்தாம் இடத்திலிருந்து ஒருவன் ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். பாட்டி அவன் பக்கம் சாய்ந்துவிட்டார். கதை இல்லாமல் யாரும் ஒன்றரை மணி நேரம் கட்டை விழுவதைப் பார்க்க மாட்டார்கள். அந்த அநியாயத்தைக் கட்டணம் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

ஏற்க முடியாத மாற்றமும் உண்டு. சில அனைத்துலகப் போட்டிகளில் இப்போது புதிய புள்ளிமுறை: ஸ்டிரைக் விழுந்தால் உடனே 30, அடுத்த உருட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பார்ப்பவர்களுக்கு எளிது என்கிறார்கள். என் பாட்டிக்குப் புரிந்த பழைய கணக்கு வேறு யாருக்குப் புரியவில்லையாம்? இன்றைய உருட்டின் மதிப்பு நாளைய உருட்டில் தங்கியிருப்பதுதான் இதன் அழகு. அதை எடுத்துவிட்டால் வெறும் கூட்டல்.

சரி, 1997இல் ஏன் நின்றது? பார்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது, விளம்பரதாரர்கள் இளையவர்களைத் தேடிப் போனார்கள். அது மேலோட்டமான பதில். அடியில் இருப்பதை ராபர்ட் புட்னம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'பௌலிங் அலோன்' நூலில் படித்தேன்; பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பாடத்துக்காகப் படிக்கச் சொன்ன நூல். 1980க்கும் 1993க்கும் இடையே அமெரிக்காவில் பௌலிங் ஆடியவர்கள் 10 விழுக்காடு கூடினார்கள். ஆனால் குழுவாகச் சேர்ந்து வாரந்தோறும் லீக் ஆடியவர்கள் 40 விழுக்காடு குறைந்தார்கள். ஆடினார்கள், சேர்ந்து ஆடவில்லை. லீக் ஆடியவர்தான் சனிக்கிழமை தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர். அந்த அடித்தளம் கரைந்ததும் மேலே இருந்த மேடை ஆடியது. 2000ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட்டில் முன்பு பணியாற்றிய மூவர் பிபிஏ அமைப்பையே விலைக்கு வாங்கி மறுபடியும் நிமிர்த்தப் பார்த்தார்கள். இன்றும் அது கேபிள் அலைவரிசைகளிலும் இணையத்திலும் உயிரோடு இருக்கிறது. பழைய கம்பீரம் இல்லை.

பெண்கள் நிலை இன்னும் மோசம். அவர்களின் தொழில்முறைச் சுற்று 2003ஆம் ஆண்டு மூடப்பட்டு, 2015இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட 12 ஆண்டுகள் ஒரு பெண் ஆட்டக்காரர் என்ன செய்வார்? கெல்லி குலிக் ஆண்களோடு ஆடினார். 2010 ஜனவரியில் வெற்றியாளர்களின் போட்டி என்ற பெரும் பட்டத்தின் இறுதியில் கிறிஸ் பார்ன்ஸை 265–195 என்று தோற்கடித்து, பிபிஏ சுற்றில் பட்டம் வென்ற முதல் பெண்ணானார். தம்பிக்குப் பெல்மோன்டே என்றால் எனக்குக் கெல்லி. அந்த ஆட்டத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அடுத்த நாள் எனக்குப் புள்ளியியல் தேர்வு இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் பார்வையாளர்கள் இருந்தார்கள், பிறகு போனார்கள். நம்மிடம் வெற்றியாளர்கள் இருக்கிறார்கள்; பார்வையாளர்கள் வந்ததே இல்லை.

1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்ற கதையை என் அப்பா இன்றும் சொல்வார். பெருமையோடு சொல்ல வேண்டிய கதைதான். அதே போட்டியில் டென்பின் பௌலிங்கும் இருந்தது; காமன்வெல்த் வரலாற்றில் அது இடம்பெற்றது அந்த ஒரு முறைதான். ஆண்கள் ஒற்றையரில் கென்னி ஆங், இரட்டையரில் அவரும் பென் ஹெங்கும் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். அப்பாவிடம் அந்தப் பெயர்களைச் சொன்னேன். "யார் அது?" என்றார். 2003ஆம் ஆண்டு உலக வெற்றியாளர் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. மகளிர் குழுப் பிரிவில் தங்கம் மலேசியாவுக்கு. 2005ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் எஸ்தர் செயா மகளிர் ஒற்றையர் உலக வெற்றியாளரானார். அப்போது அவருக்கு நம் வயதுதான். ஷாலின் சுல்கிஃப்லி நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பலமுறை பெற்றவர். இந்தப் பட்டியலை என் வகுப்பில் வாசித்தபோது ஷாலினின் பெயரை மட்டும் இருவர் கேள்விப்பட்டிருந்தார்கள். அவர் என்ன விளையாடினார் என்பதில் அந்த இருவருக்கும் கருத்து வேறுபாடு.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பெயர்: டாக்டர் பி.எஸ். நாதன். மலேசிய டென்பின் பௌலிங் காங்கிரஸுக்குப் பல்லாண்டுகள் தலைவராக இருந்தவர். ஆசிய, உலக பௌலிங் நிர்வாகத்திலும் பொறுப்புகள் வகித்தவர். இந்த நாட்டு பௌலிங் வளர்ந்த காலத்தில் அதன் உச்சியில் நம் பெயர் ஒன்று இருந்திருக்கிறது. தடத்தில்தான் நம் பிள்ளைகள் குறைவு.

பார்ப்பதற்கும் ஆடுவதற்கும் அவ்வளவு தொடர்பா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு சாட்சிகளைச் சொல்கிறேன். முதலாவது நம் பக்கத்து ஊர்க்காரர். சுங்கைப்பட்டாணியின் எஸ். சிவசங்கரி. 2022இல் கார் விபத்தில் கடுமையாகக் காயப்பட்டு, 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டம். ஸ்குவாஷ் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கு ஒத்துவராத விளையாட்டு. நான்கு சுவருக்குள் கறுப்புப் பந்தை எங்கே பார்ப்பது? கண்ணாடிச் சுவர் வைத்தார்கள், பந்தை வெள்ளையாக்கினார்கள். சிவசங்கரியின் வெற்றி எங்கள் தாமானில் எல்லாக் கைப்பேசியிலும் ஓடியது. அந்த வாரம் பக்கத்து வீட்டுச் சிறுமி பூப்பந்து மட்டையால் கார் நிறுத்தும் இடத்துச் சுவரை இரண்டு நாள் அடித்துக்கொண்டிருந்தாள். யார் அவளுக்குச் சொன்னது?

இரண்டாவது சாட்சி கபடி. நம் தோட்டங்களில் மண்ணில் ஆடிய ஆட்டம். படித்த பிள்ளைகள் கொஞ்சம் வெட்கப்பட்டு ஒதுங்கிய ஆட்டம். 2014ஆம் ஆண்டு புரோ கபடி லீக் வந்தது. மெத்தை விரித்து, விளக்குப் போட்டு, 30 விநாடிக் கடிகாரத்தைத் திரையில் ஓடவிட்டார்கள். 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. தமிழில் வருணனையும் வந்தது. அதே ஆட்டம்தான். காட்டிய விதம் மாறியது. இப்போது என் ஒன்றுவிட்ட தம்பிகள் அணிச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

ஆகவே என் கருத்து இது: நம் பிள்ளைகளுக்குப் பௌலிங் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால், அவர்களுக்கு அதைக் காட்ட வேண்டும், நம் மொழியில் காட்ட வேண்டும். நம் மொழி ஊடகங்களில் விளையாட்டு என்றால் காற்பந்தும் பூப்பந்தும்தான் பெரும்பாலும். தேசியப் போட்டி, சுக்மா பௌலிங் என்று எத்தனையோ நடக்கின்றன. நிலையங்கள் கோடிக்கணக்கில் உரிமம் வாங்க வேண்டியதில்லை. எலியாஸ் காலத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தேவைப்பட்டது. இன்று ஏற்பாட்டாளரின் அனுமதியும் இரண்டு கைப்பேசியும் ஒரு முக்காலியும் நன்றாகப் பேசத் தெரிந்த இருவரும் போதும். ஊடகத்துறை படிக்கும் தமிழ் மாணவர்கள் பொதுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். பயிற்சிப் பணிக்காக நான் என்ன செய்வது என்று ஒவ்வோர் ஆண்டும் புலம்புவதையும் கேட்கிறேன்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். பௌலிங் பணக்கார விளையாட்டு என்பார்கள். பாதி உண்மை. ஓர் ஆட்டத்துக்கும் வாடகைக் காலணிக்கும் பஸ்சுக்கும் சேர்த்து தம்பி செலவழித்ததில் ஒரு வாரப் பள்ளிச் சிற்றுண்டிக் காசு போய்விடும். சொந்தப் பந்து, பயிற்சியாளர் என்று போனால் இன்னும் ஏறும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் பள்ளி வழியாக, குழுவாக, கூட்டம் குறைந்த வார நாள் பிற்பகலில் போனால் கட்டணம் குறையும். மையங்களே அப்படிச் சலுகை தருவதுண்டு. அதற்குப் பள்ளி ஒரு கடிதம் எழுத வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருக்கிறது என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறோம். உயரம் குறைந்த, ஓட்டம் வராத, திடலில் ஓரமாக நிற்கும் பிள்ளைக்கு அந்தப் புள்ளி எங்கிருந்து வரும்? மணிக்கட்டும் பொறுமையும் உள்ளவனுக்கு ஒரு தடம் இருக்கிறது என்று யார் சொல்வது?

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் பௌலிங் சேர்க்கப்படவில்லை. ஒலிம்பிக்கில் 1988 சியோலில் காட்சி விளையாட்டாக வந்ததோடு சரி; டோக்கியோ 2020க்கான சுருக்கப்பட்டியலில் இருந்தும் தேர்வாகவில்லை. ஸ்குவாஷுக்கு 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் கதவு திறந்துவிட்டது, பௌலிங்குக்கு இல்லை. நம் நாட்டில் தொழில்முறைச் சுற்று கிடையாது. சின் லி ஜேன் போன்றவர்கள் அமெரிக்கப் பெண்கள் சுற்றுக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. பதக்கப் போட்டியில் இடமில்லாத விளையாட்டுக்கு அரசு எவ்வளவு நாள் பணம் ஒதுக்கும்? இப்படிப்பட்ட ஒன்றில் நம் பிள்ளைகளை இறக்கலாமா?

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். பதக்கத்தை மட்டும் நம்பிய விளையாட்டு, பதக்கப் பட்டியலிலிருந்து எடுத்தவுடன் அநாதையாகும். தொலைக்காட்சியை மட்டும் நம்பிய விளையாட்டுக்கு 1997இல் என்ன ஆனது என்று பார்த்தோம். வாரந்தோறும் சேர்ந்து ஆடும் நான்கு பேரும், அவர்களைப் பார்க்கும் நாற்பது பேரும் இருக்கும் ஊரில் அது அவ்வளவு சுலபமாகச் சாகாது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 2000ஆம் ஆண்டு தொடங்கிய வெபர் கோப்பையைப் பாருங்கள். அதில் இருப்பது இரண்டு அணி, ஆரவாரம் செய்யும் கூட்டம், குழு உணர்வு. பரிசுத் தொகையைவிட அந்தச் சத்தம்தான் இன்றும் அதைப் பார்க்க வைக்கிறது. மெர்போக் அணிக்கும் பீடோங் அணிக்கும் இடையே அப்படி ஒன்று நடந்தால் நான் முன்வரிசையில் இருப்பேன்.

அன்று பாட்டி பார்த்த ஆட்டத்தில் ஒருவருக்கு ஏழாவது கட்டையும் பத்தாவது கட்டையும் மட்டும் இரண்டு ஓரத்தில் நின்றுவிட்டன. ஒரே பந்தில் இரண்டையும் தள்ளுவது ஏறக்குறைய நடக்காத காரியம். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். "பாரு, என் வாய் மாதிரியே. கோரைப்பல்லு ரெண்டுந்தான் மிச்சம்." தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். இப்போது நாங்கள் இருவரும் பழைய ஆட்டங்களின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தமிழில் வருணனை சொல்லிப் பழகுகிறோம். முதல் நாள் மூன்று நிமிடத்தில் சொல் தீர்ந்துவிட்டது. ஸ்பேருக்குப் பாட்டி 'மிச்சம் தீர்த்தான்' என்றார்; வைத்துக்கொண்டோம். ஏழு–பத்துப் பிளவு எங்கள் வீட்டில் 'கோரைப்பல்'. பந்து தடத்தை விட்டு ஓரப் பள்ளத்தில் விழுந்தால் 'காணில விழுந்துருச்சு'. தோட்டத்து வடிகாலுக்கு நாம் சொல்லும் பெயர்தானே.

ஸ்டிரைக்குக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. உங்களுக்குத் தோன்றினால் இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். தம்பியின் பந்து இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. நேற்று பார்த்தபோது மேலே தூசி இல்லை.